வளவுக்குக் கேபிளா, மாடிக்கு டிஷ்ஷா?

கேபிள் வைத்துக்கொள்வதா, டிஷ் போடுவதா என்ற கேள்வி சென்னையில் பெரும்பாலும் எழுவதே இல்லை. அடுக்ககத்துக்கு ஏற்கெனவே ஏதோ ஒன்று வந்திருக்கும், குடிபோகிறவர் அதையே தொடர்வார். செட்டிநாட்டில் நிலைமை வேறு. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டை ஒரு கல்யாணத்துக்கோ மணிவிழாச் சாந்திக்கோ கோயில் திருவிழாவுக்கோ திறக்கும்போது, வெள்ளையடிப்பது, மோட்டார் பார்ப்பது, கழிவறைக் குழாய் மாற்றுவது ஆகியவற்றோடு சேர்ந்து டி.வி. இணைப்பும் பேச்சுக்கு வருகிறது. பங்காளிகளில் ஒருவர் கேபிள்தான் சரி என்பார், இன்னொருவர் டிஷ்தான் தொல்லையில்லாதது என்பார், இருவருமே தாங்கள் குடியிருக்கும் ஊரின் அனுபவத்தை வைத்துத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், சேனல் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு எடுக்கிற முடிவு இது இல்லை. வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் யார் எத்தனை நாள் இருக்கிறார்கள், படம் நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார்கள் என்ற மூன்றையும் வைத்து எடுக்க வேண்டிய முடிவு.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். முகப்பு, பட்டாலை, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரங்களும்), இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. கேபிள் வயர் வருவது முகப்புத் தெருக் கம்பத்திலிருந்து, டி.வி. இருப்பதோ பெரும்பாலும் வளவை ஒட்டிய அறையிலோ, வயதானவர்கள் பகலெல்லாம் இருக்கிற இரண்டாங்கட்டிலோ. இடையில் இருக்கும் சுவர்களைத் துளைக்க யாருக்கும் மனம் வராது. கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசிக் கண்ணாடிபோல் தேய்த்தெடுத்த சுவரில் டிரில்லிங் மிஷினை வைத்தால், துளை அரை அங்குலமாக இருந்தாலும் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். அதே பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆகவே வயர் மேல்சாளரத்தின் கம்பி இடுக்கு வழியாக நுழைந்து, உத்தரத்தின் மேல்விளிம்போடு ஓடி, பர்மாத் தேக்குத் தூணின் பின்பக்கமாக இறங்கும். எங்கள் வீட்டில் அந்தத் தூணின் பின்புறம், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், சிக்னலைப் பல டி.வி.க்குப் பிரிக்கும் துருப்பிடித்த ஒரு ஸ்ப்ளிட்டர் நைலான் கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்குகிறது. தேக்கில் ஆணி அடிக்கக் கூடாது என்று அப்பத்தா சொன்னதால் வந்த கயிறு அது.

இப்படி வளைந்து நெளிந்து போகும் வயரின் நீளம் சில வீடுகளில் இருநூறு அடியைத் தாண்டிவிடும். நீளம் கூடக்கூட வயரிலேயே சிக்னல் கரையும். அதிர்வெண் கூடினாலும் இழப்பு கூடும். கேபிள்காரர் தெருவிலிருந்து தருவது 862 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. டிஷ்ஷின் நுனியில் இருந்து சிக்னலை வாங்கி அதிர்வெண்ணைக் குறைத்துத் தரும் எல்.என்.பி. கீழே அனுப்புவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. ஆகவே ஆர்.ஜி.6 என்ற ஒரே வகை டி.வி. வயரில் ஒரே தூரம் ஓடினால் டிஷ்ஷின் சிக்னல்தான் அதிகம் இளைத்துப்போகும். கேபிளுக்கு நடுவில் ஒரு சிறு ஆம்பிளிஃபையர் வைத்துச் சமாளிக்கலாம். டிஷ்ஷுக்கோ வயரைக் குறைப்பதே நல்ல வழி, அதாவது டிஷ்ஷை டி.வி.க்கு அருகில் கொண்டுவர வேண்டும். நம் வீடுகளில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. காரைக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே பத்துப் பாகை மட்டுமே தள்ளியிருப்பதால், நமக்கு அவை வானத்தில் மிக உயரத்தில் தென்படுகின்றன. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வருகிற 93.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை நிலையத்தைக் காரைக்குடியிலிருந்து கணக்கிட்டால், தென்கிழக்குத் திசையில், தரையிலிருந்து சுமார் 69 பாகை உயரத்தில் இருக்கிறது. டெல்லியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவே சுமார் 52 பாகைதான். டாட்டா பிளேயின் 83 பாகை நிலையம் இங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல், 77 பாகையில். ஏர்டெல்லின் 108.2 பாகை நிலையம் மட்டும் சற்றுத் தாழ்ந்து, கிழக்கே 54 பாகையில் நிற்கிறது. இதன் பொருள், டிஷ்ஷை மாடியின் உச்சியில்தான் நட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வளவு முற்றத்திலேயே வைக்கலாம்: 69 பாகையில் வரும் கதிரை, டிஷ்ஷுக்கு மேல் பதினைந்து அடி எழும்பும் சுவர் மறைக்க வேண்டுமானால், அந்தச் சுவர் ஆறு அடிக்குள் இருந்தாக வேண்டும். எந்த வளவு முற்றமும் அதைவிட அகலம்தான். திருடனுக்காக முற்றத்துக்கு மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பியில் ஒரு கிளாம்ப் வைத்துப் பொருத்திவிட்டால் டி.வி. அறைக்கு முப்பது அடி வயர் போதும்.

பொருத்த வருகிற இளைஞர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. வந்ததும் மாடிப்படி எங்கே என்றுதான் கேட்கிறார்கள். நாட்டு ஓட்டின் மேல் ஏறி நாலு ஓட்டை உடைத்துவிட்டு இறங்குகிறார்கள். அது அடுத்த ஐப்பசியில் ஒழுகும்போதுதான் தெரியவரும். எதிர்வீட்டுத் தென்னை மறைக்கிறது என்று சொல்லி இன்னும் உயரத்துக்குப் போகப் பார்ப்பவர்களும் உண்டு. டிஷ்ஷின் முகம் தென்னையைப் பார்ப்பதுபோல் தோன்றுவது உண்மைதான். ஆனால் இந்தச் சிறு டிஷ்கள் எல்லாமே எல்.என்.பி. கீழ்ப்பக்கம் தள்ளி அமைந்தவை. தட்டு பார்க்கிற திசைக்கு இருபது பாகைக்கும் மேலே இருந்துதான் கதிர் வருகிறது. தென்னைக்கு மேலே வெகு உயரத்தில் அது கடந்து போகிறது. இதை நான் சொன்னபோது, வந்த தம்பி தலையை ஆட்டிவிட்டு, “இருக்கட்டும் ஆச்சி, மேல வச்சாத்தான் எனக்குத் திருப்தி” என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டார்.

மழைக்கு வருவோம். டிஷ் வேண்டாம் என்பவர்கள் எடுத்ததும் சொல்லும் காரணம் அதுதான். வீட்டு டிஷ் வாங்குவது கே.யூ. பட்டை, ஏறத்தாழ 11 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை. அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே என்பதால் கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கின்றன. கேபிள் நிறுவனம் தன் தலைமை நிலையத்தில் பெரிய டிஷ்கள் கொண்டு பெரும்பாலும் வாங்குவது சி பட்டை, நான்கு கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. அதை மழை அவ்வளவாகத் தொடுவதில்லை. இங்கே ஓர் ஆறுதல் உண்டு. கதிர் செங்குத்தாக இறங்குவதால் மழைத்திரைக்குள் அது கடக்கும் தூரம் வடநாட்டைவிட நமக்குக் குறைவு. சாதாரணத் தூறலுக்கு டிஷ் அசைவதில்லை. வைகாசியில் மாலை நேரம் திரண்டு வந்து கொட்டுகிற இடிமழைக்கும், ஐப்பசி கார்த்திகை அடைமழையின் கனத்த பொழுதுகளுக்கும்தான் ‘சிக்னல் இல்லை’ என்ற நீலத்திரை வரும், பத்து நிமிடமோ அரைமணியோ கழித்துப் போகும். பழைய அனலாக் காலத்தில் புள்ளி புள்ளியாகவேனும் படம் தெரிந்துகொண்டிருக்கும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஒன்று முழுப் படம், இல்லாவிட்டால் உறைந்துபோன முகம்.

கேபிளுக்கு மழை தொல்லையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தலைமை நிலையத்தில் சிக்னல் தெளிவாகத்தான் இருக்கும். தெருக்கோடியில் இருக்கும் ஆம்பிளிஃபையருக்கு மின்சாரம் வேண்டுமே. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மாலை வரை தெருவே இருண்டிருக்கும்போது, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் கேபிளில் படம் வராது. டிஷ் வைத்திருப்பவர் இன்வெர்ட்டரில் நிம்மதியாகத் தொடர் பார்த்துக்கொண்டிருப்பார். இடி விழுந்தால் கேபிள் வயர் வழியாகவே வந்து பாக்ஸைச் சுட்டுவிட்டுப் போவதும் உண்டு. எதுவாயினும் இடி முழங்கும்போது வயரைக் கழற்றி வைப்பதே உத்தமம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தடங்கலும் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும்போது சில நிமிடங்களுக்குப் படம் கலங்கும். ஃப்ரீ டிஷ்ஷின் நிலையத்துக்கு நம் ஊரில் அது முற்பகல் 11 மணிவாக்கில் நேரும். தொடர்ந்து சில நாள் அதே நேரத்தில் கலங்கி, பிறகு தானாகவே சரியாகிவிடும். இதற்காக ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய அளவில் நின்றுபோவதைப் பற்றிச் சொன்னால், எந்தப் பக்கமும் மற்றதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2010 ஜூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டு மின்வழங்கலில் பழுது ஏற்பட்டுப் சிக்னலை வாங்கித் திருப்பியனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. தென்னகத்தில் எத்தனையோ வீடுகளில் படம் போய், வேறு செயற்கைக்கோளை நோக்கி டிஷ்ஷைத் திருப்ப வேண்டிவந்தது. 2022 நவம்பரில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பாக்ஸ்கள் மென்பொருள் சிக்கலால் மாநிலமெங்கும் முடங்கின.

கேபிளின் உண்மையான பலம் படத்தின் தரத்தில் இல்லை. அது உள்ளூர்ச் சேனலில் இருக்கிறது. தைப் பொங்கலை ஒட்டிய சிராவயல் மஞ்சுவிரட்டு, காரைக்குடி கொப்புடையம்மன் தேர், பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, குன்றக்குடிப் பங்குனி உத்திரம் என்று இந்த வட்டாரத்துக்கு மட்டும் பெரிதான நிகழ்ச்சிகளை எந்தச் செயற்கைக்கோளும் மணிக்கணக்கில் காட்டாது. கேபிள்காரர் இரண்டு கேமராவை வைத்துக் காட்டுவார். ஒளிப்பதிவு தள்ளாடும், ஒலி இரையும், நடுநடுவே நகைக்கடை விளம்பரம் ஊரும். ஆனாலும் கூட்டத்தில் போய் நிற்க முடியாத எண்பது வயதுக்காரருக்குத் தேர் நிலையிலிருந்து நகர்வதை அன்றைக்கே பார்ப்பது பெரிய காரியம். கூட்டத்தில் தெரிந்த முகங்களைப் பேர் சொல்லி அடையாளம் காட்டுவது எங்கள் வீட்டில் தேர் பார்ப்பதைவிட முக்கியமான வேலை. யூடியூபில் நேரலை வந்துவிட்டதே என்று கேட்கலாம். அதைக் கைப்பேசியில் தேடியெடுத்து டி.வி.க்கு மாற்றிக் கொடுக்க ஓர் இளவட்டம் வீட்டில் இருந்தால் சரிதான்.

அடுத்தது, கேபிள்காரர் என்ற மனிதர். பாக்ஸ் உறைந்து நின்றாலோ, ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தான் அழுந்தி டி.வி. வேறு இணைப்புக்கு மாறிவிட்டாலோ, வயதானவர்களுக்கு அது ‘டி.வி. கெட்டுப்போச்சு’ என்பதுதான். டிஷ் நிறுவனத்துக்குப் போன் செய்தால் தமிழுக்கு எண்ணை அழுத்தி, பதிவு செய்த கைப்பேசி எண்ணைச் சொல்லி, அந்தக் கைப்பேசி பெங்களூரில் இருக்கும் மகனிடம் இருப்பதால் ஓ.டி.பி. அங்கே போய், கடைசியில் பாக்ஸை அணைத்துப் போடுங்கள் என்ற பதில் வரும். கேபிள்காரர் மாதம் ஒருமுறை பணம் வாங்க எப்படியும் வருகிறார். கூப்பிட்டால் மாலைக்குள் சைக்கிளையோ பைக்கையோ நிறுத்திவிட்டு உள்ளே வந்து, ரிமோட்டைச் சுற்றியிருக்கும் பாலிதீன் உறையைக் கழற்றாமலேயே இரண்டு பொத்தானை அழுத்திச் சரிசெய்துவிட்டுப் போகிறார். இதே மனிதர் ஊர்த் திருவிழாவின்போது நாலு நாள் போனை எடுக்கவே மாட்டார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரு கேபிள்காரர் என்ற நிலையில் அவருக்குப் போட்டி கிடையாது, அவர் சொல்வதுதான் நேரம்.

பணக் கணக்கு முன்பு எளிதாக இருந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குத் தொடங்கியபோது டிஷ்காரர்களால் அந்த விலைக்குக் கிட்டவே வர முடியவில்லை. பிறகு 2011இன் சட்டத்திருத்தப்படி டிஜிட்டல் மாற்றம் நான்கு கட்டமாக வந்தது. சென்னை முதல் கட்டத்தில்; நம் சிற்றூர்கள் 2017 மார்ச் 31 காலக்கெடுவாக இருந்த கடைசிக் கட்டத்தில். அதன்பின் 2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை, கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் ஒரே விதியைப் போட்டது: நூறு சேனல் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனியே விலை. 2020இல் அதே 130 ரூபாய்க்கு இருநூறு சேனல் என்றானது, இரண்டாவது டி.வி.க்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பும் வந்தது. 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பையே நீக்கிவிட்டார்கள். இன்றைக்கு ஒரே விதமான தமிழ்ச் சேனல் தொகுப்புக்கு இரண்டு பக்கமும் கேட்கும் தொகையில், முடிவை மாற்றுகிற அளவுக்கு வித்தியாசம் இல்லை என்பதே என் கணிப்பு.

வித்தியாசம் இருப்பது, பணம் எப்போது ஓடுகிறது என்பதில். ஒரு வீட்டில் நாலு புள்ளி, அதாவது மணமான நாலு பங்காளிக் குடும்பம், இருந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனி அடுப்பு என்பது போலத் தனி டி.வி.யும் வந்துவிட்டால், ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் திறக்கும் அறைகளுக்கு மாதா மாதம் கட்டுவதில் பொருளில்லை. டிஷ் முன்கட்டணம், ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அப்படியே கிடக்கும், வந்திறங்குகிற அன்று பணம் போட்டால் சிறிது நேரத்தில் படம் வரும். நெடுநாள் கிடந்த பாக்ஸ் உயிர்பெறச் சற்று அடம்பிடிக்கும், அவ்வளவுதான். கேபிளிலும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கக் கேட்கலாம். ஆனால் ஊரில் ஆளில்லாத வீட்டுக்கு வரும் வயரைக் கேபிள்காரர் அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிடுவதும், திரும்ப வரும்போது புது பாக்ஸுக்குப் பணம் கேட்பதும் நடக்கிற காரியம். பாக்ஸ் விஷயத்தில் இரு தரப்பும் ஒன்றுதான்: ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொன்றுக்கு உதவாது. எல்லாவற்றுக்கும் பொதுவான பாக்ஸ் வேண்டும் என்று டிராய் 2020இல் பரிந்துரைத்தது. இன்னும் நம் கைக்கு அது வந்து சேரவில்லை.

மாதக் கட்டணமே இல்லாத ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. பாக்ஸையும் டிஷ்ஷையும் ஒருமுறை வாங்கினால் போதும். பொதிகை என்ற பெயரில் இருந்து 2024இல் டிடி தமிழ் ஆன அலைவரிசை உண்டு. ஆனால் அங்கே கிடைப்பவற்றில் மிகுதி இந்திச் சேனல்கள். நம் வீடுகளில் மாலை ஆறு மணிக்குமேல் ஓடுகிற பெரிய தமிழ்ச் சேனல்கள் இல்லை. வீட்டைக் காவல் பார்ப்பவரின் அறைக்கு இது போதும் என்று சிலர் போட்டுக் கொடுக்கிறார்கள். அவருக்கும் தொடர் வேண்டாமா என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஃபைபர் போட்டுவிட்டால் இரண்டுமே தேவையில்லை என்று தம்பிமார் சொல்கிறார்கள். இளையவர்களுக்கு அது சரி. மாத வாடகை கட்டும் டிஷ் வாடிக்கையாளர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருவதை டிராயின் அறிக்கைகளும் காட்டுகின்றன. எனினும் டி.வி.யைப் போட்டவுடன் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கிற வேலை தமக்கு வேண்டாம் என்று நினைக்கிற தலைமுறை வீட்டில் இருக்கும்வரை கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் வேலை இருக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஆள் நிரந்தரமாக இருக்கிற பகுதிக்கு, அதிலும் வயதானவர் தனியாக இருந்தால், கேபிள். மழைக்காகவோ விலைக்காகவோ இல்லை, உள்ளூர்ச் சேனலுக்காகவும் கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஆளுக்காகவும். பூட்டிக் கிடந்து திறக்கும் பகுதிகளுக்கு ஒரே ஒரு டிஷ், முற்றத்துக் கம்பியில். புள்ளிக்கு ஒன்று என்று போட்டு மாடியை நிரப்ப வேண்டாம். வளவில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடத்தில் ஒரு டி.வி. போதும், கிரிக்கெட் பார்ப்பவர்களும் தொடர் பார்ப்பவர்களும் அங்கேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். இந்த ஏற்பாட்டைப் பங்காளிகளிடம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பெரியப்பச்சி மட்டும் தம் அறைக்குத் தனி டிஷ் வேண்டும் என்கிறார். ரீசார்ஜை அவரே போட்டுக்கொள்வதாக இருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை. ஓட்டின் மேல் யாரையும் ஏற்றக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.